உயர்திறன் மாதிரி ஏவூர்தி

உயர்திறன் மாதிரி ஏவூர்தி என்பது பொழுதுபோக்குக்காகவும் கல்விக்காகவும் ஆர்வலர்கள் கட்டிப் பறக்கவிடும் சிறு ஏவூர்தி ஆகும். சாதாரண மாதிரி ஏவூர்தியைவிட இதன் மோட்டார் ஆற்றல் மிக்கது. கிட் எனப்படும் பாகத் தொகுதியை வாங்கி ஒட்டிச் சேர்த்தே பெரும்பாலோர் இதைக் கட்டத் தொடங்குகின்றனர். உடலை ஆர்வலர் கட்டுவார்; உந்துபொருள் ஆலையில் தயாராகி வரும். இந்தப் பொழுதுபோக்கின் பாதுகாப்புக்கு இப்பிரிவினையே அடிப்படையாகும். இதன் உந்துபொருளில் பெருமளவு இடம்பெறும் வேதிப்பொருளைத் தயாரிக்கும் முறை குறித்துச் செட்டிநாட்டின் காரைக்குடியிலும் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

வரலாறு

1957ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்புட்னிக்-1 விண்ணில் ஏவப்பட்ட பின் அமெரிக்காவில் பல சிறுவர்கள் வீட்டிலேயே உந்துபொருளைக் கலந்து, உலோகக் குழாய்களில் அடைத்து ஏவ முயன்றனர். பலர் காயமுற்றனர், சிலர் உயிரிழந்தனர். நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை நடத்திவந்த ஓர்வில் கார்லைல் என்பவர் 1954ஆம் ஆண்டிலேயே இதற்கு மாற்று ஒன்றை உருவாக்கியிருந்தார். அவரது ஏவூர்தி காகித உடலும், மாற்றக்கூடிய மோட்டாரும், வான்குடையும் கொண்டது. பொறியாளர் ஜி. ஹாரி ஸ்டைன் இம்முறையைப் பரப்பினார். 1980களில் கலப்பு உந்துபொருள் மோட்டார்கள் பரவியபோது உயர்திறன் பிரிவு வளர்ந்தது.

வகைப்பாடு

மோட்டார்கள் அவற்றின் மொத்தக் கணத்தாக்கைக் கொண்டு ஆங்கில எழுத்துகளால் வகுக்கப்படுகின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் உச்ச வரம்பு முந்தையதைப் போல் இரு மடங்கு. ஜி வகுப்பு 160 நியூட்டன்-நொடியில் முடிகிறது. எச் வகுப்பு முதல் உயர்திறன் பிரிவு தொடங்குகிறது. அமெரிக்காவில் இதற்கு மூன்று நிலைச் சான்றிதழ்கள் உள்ளன.

* முதல் நிலை: எச், ஐ (640 நியூட்டன்-நொடி வரை)
* இரண்டாம் நிலை: ஜே, கே, எல் (5,120 வரை)
* மூன்றாம் நிலை: எம், என், ஓ (40,960 வரை)

ஏவூர்தி உயரப் பறந்தால் மட்டும் சான்றிதழ் கிடைக்காது. மீண்டும் பறக்கத்தக்க நிலையில் அது தரையிறங்கவும் வேண்டும்.

உடல் அமைப்பு

3 கிலோகிராம் நிறையுள்ள ஏவூர்தியின் எடை ஏறத்தாழ 30 நியூட்டன். அதை 300 நியூட்டன் உந்துவிசை கொண்ட மோட்டார் தள்ளும்போது, உள்ளேயுள்ள 100 கிராம் பாகம் ஒரு கிலோகிராம் எடையுள்ளது போல் தன் இணைப்பை அழுத்தும். எனவே உறுதி என்பது பெரும்பாலும் இணைப்புகளின் உறுதியே.

மோட்டாரின் விசை முதலில் மோட்டார் தாங்கு குழாய்க்கும், பின் ஒட்டுப்பலகை வளையங்கள் வழியாக உடற்குழாய்க்கும் செல்கிறது. துடுப்புகள் உடற்குழாயின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டப்படுவதில்லை. குழாயிலுள்ள பிளவின் வழியே உட்சென்று மோட்டார் குழாயிலும் ஒட்டப்படுகின்றன. ஒட்டுமிடங்களை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை நீக்கிய பின்னரே எப்பாக்சி பசை இடவேண்டும். இல்லையெனில் பசை இறுகினாலும் பிடிப்பு குறையும்.

நிலைத்தன்மை

ஏவூர்தி நேராகப் பறக்க அதன் ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு முன்னே இருக்கவேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது உடல் விட்டத்தின் அளவு இடைவெளி இருப்பது வழக்கம். மோட்டாரையும் வான்குடையையும் வைத்த பிறகே ஈர்ப்பு மையத்தை அளக்கவேண்டும். வெற்று உடலில் சரியாக இருந்த ஏவூர்தி, பின்புறம் கனமான மோட்டார் ஏறியதும் நிலையற்றதாகிவிடலாம். அப்போது மூக்குக் கூம்பில் எடை சேர்ப்பர்.

மீட்பு

உச்சியை அடையும் நேரத்தில் ஒரு சிறு வெடிமருந்து மூக்குக் கூம்பைத் தள்ள, வான்குடை வெளிவருகிறது. அச்சமயத்தில் ஏவூர்தியின் வேகம் மிகக் குறைவு. வெடிப்பு சில நொடிகள் பிந்தினால் ஏவூர்தி வேகமாகக் கீழ்நோக்கி வரும். விரியும் வான்குடையின் கயிறு உடற்குழாயையே நீளவாக்கில் கிழித்துவிடும். வான்குடை விரியவே இல்லையெனில் கனமான ஏவூர்தி அம்பு போல் தரையில் பாயும். பெரிய ஏவூர்திகளில் மின்னணு உயரமானி இரு கட்டங்களாக மீட்பை இயக்குகிறது: உச்சியில் சிறு வான்குடை, தரைக்கு அருகில் பெரியது. இதனால் காற்றில் அடித்துச் செல்லப்படும் தொலைவு குறைகிறது.

உந்துபொருளும் காரைக்குடியும்

கலப்பு உந்துபொருளில் ஆக்சிஜனேற்றி அம்மோனியம் பெர்குளோரேட்டு ஆகும். இதை இரப்பர் போன்ற பிணைப்பியுடன் கலந்து வார்க்கின்றனர். பெரும்பாலும் அலுமினியத் தூளும் சேரும். பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் முதல் கட்டத்தில் எரிவதும் இதே வகைத் திண்ம உந்துபொருளே.

இதன் தயாரிப்பு உப்புக் கரைசலில் தொடங்குகிறது. மின்னாற்பகுப்பால் சோடியம் குளோரைடு குளோரேட்டாகவும், அது பெர்குளோரேட்டாகவும் மாறுகிறது. பின்னர் அம்மோனியம் உப்புடன் வினைபுரியச் செய்து அம்மோனியம் பெர்குளோரேட்டு பெறப்படுகிறது. பெர்குளோரேட்டுக் கட்டத்துக்கு விலையுயர்ந்த பிளாட்டின நேர்மின்வாய் தேவைப்பட்டது.

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி), அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாய் நன்கொடையிலும் உருவாகி, 1953ஆம் ஆண்டு சனவரி 14 அன்று திறக்கப்பட்டது. எச். வி. கே. உடுப்பாவும் உடன் ஆய்வாளர்களும் இங்கு பிளாட்டினத்துக்கு மாற்றாக ஈய டை ஆக்சைடு நேர்மின்வாய்களைப் பயன்படுத்திப் பெர்குளோரேட்டு தயாரிப்பதை ஆராய்ந்தனர்.

இப்பொருள் கவனத்துடன் கையாளப்பட வேண்டியது. 1988ஆம் ஆண்டு மே 4 அன்று அமெரிக்காவின் நெவாடாவில் இதைத் தயாரித்த ஆலை ஒன்று தீப்பற்றி வெடித்ததில் இருவர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர்.

பாதுகாப்பும் சட்டமும்

அமெரிக்க விதிகளின்படி ஒற்றை எச் அல்லது ஐ வகுப்பு மோட்டார் கொண்ட ஏவூர்தியிலிருந்து பார்வையாளர்கள் குறைந்தது 30 மீட்டர் விலகி நிற்கவேண்டும். எம் வகுப்புக்கு இது 150 மீட்டர். காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் ஏவுதல் கூடாது. தீமூட்டல் எப்போதும் தொலைவிலிருந்து மின்கம்பி வழியாகவே செய்யப்படும்.

இந்தியாவில் வெடிபொருள் தயாரிப்பும் இருப்பும் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டின் விதிகளுக்கும் உட்பட்டவை. உரிமமின்றி வீட்டில் உந்துபொருள் கலப்பது உயிருக்கு ஆபத்தானது, குற்றமும் ஆகும். மாணவர்கள் தகுதியுள்ளோர் மேற்பார்வையில், நிறுவனங்கள் நடத்தும் போட்டிகளின் வழியாக இத்துறையில் ஈடுபடலாம். இன்-ஸ்பேஸ் அமைப்பின் மாணவர் மாதிரி ஏவூர்திப் போட்டி இத்தகையது. உடலின் வடிவமைப்பு, நிலைத்தன்மைக் கணக்கு, வான்குடைச் சோதனை ஆகியவற்றை மோட்டார் இல்லாமலேயே கற்றுக்கொள்ள முடியும்.