காப்புரிமைக்கு ஆட்சேபம்: நோயாளிக்கும் உண்டு அந்த உரிமை

2023 மார்ச் 23, உலகக் காசநோய் நாளுக்கு முந்தின நாள். மும்பைக் காப்புரிமை அலுவலகம் அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. பெடாகுயிலின் என்ற காசநோய் மருந்துக்கு மேலும் நான்கு ஆண்டு ஏகபோகம் கேட்டு ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் போட்டிருந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதை எதிர்த்து மனு கொடுத்திருந்தவர்களில் இருவர், காசநோயிலிருந்து மீண்ட பெண்கள். ஒருவர் மும்பையின் நந்திதா வெங்கடேசன். மற்றவர் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இருவரும் வழக்கறிஞர்களல்லர், வேதியியல் ஆய்வாளர்களுமல்லர்.

இருவருக்கும் காது கேட்காமல் போனது நோயால் அல்ல, சிகிச்சையால். வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாத காசநோய்க்கு அப்போது கனாமைசின் போன்ற ஊசிகளை மாதக்கணக்கில் போடுவார்கள். அந்த மருந்து உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்செல்களை அழித்துவிடும். அந்தச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. உயிர் பிழைத்தவர்கள் பலர் கேட்கும் திறனை விலையாகக் கொடுத்தார்கள். இந்த ஊசியைத் தவிர்க்க வழி செய்த மாத்திரைதான் பெடாகுயிலின். கிருமி தனக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரித்துக்கொள்ளும் நொதியையே அது முடக்குகிறது. பெல்ஜியத்தில் கோயன் ஆண்ட்ரிஸ் தலைமையிலான குழு அதைக் கண்டுபிடித்தது. 2012 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி அளித்தபோது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் புது வழியில் செயல்படும் முதல் காசநோய் மருந்து என்று அதைக் கொண்டாடினார்கள். 2018-ல் உலக சுகாதார நிறுவனம் இதை மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான முன்னுரிமை மருந்துகளில் சேர்த்து, கனாமைசினை இனி பரிந்துரைப்பதில்லை என்றது.

இப்படி ஒரு மருந்தைக் கண்டுபிடித்தவருக்குப் பலன் கிடைக்கத்தான் வேண்டும். சட்டமும் அதைத் தருகிறது: விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு வேறு யாரும் அதைத் தயாரித்து விற்க முடியாது. பெடாகுயிலினின் அடிப்படைக் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜூலை 18-ல் முடிய வேண்டியது. நிறுவனம் இன்னொரு விண்ணப்பமும் போட்டு வைத்திருந்தது. அதே மூலக்கூற்றை ஃபியூமரிக் அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கி மாத்திரையாகத் தருவதற்கு அது. அது கிடைத்திருந்தால் ஏகபோகம் 2027 வரை நீண்டிருக்கும். மருந்துத் துறையில் இதை எவர்கிரீனிங் என்பார்கள். ஒரு மருந்தை உப்பு வடிவில் தருவது அந்தத் துறையில் தினசரி நடக்கிற வேலை, அதில் புதுமை ஏதுமில்லை என்பதுதான் அந்த இரு பெண்களின் வாதம். அலுவலகம் ஏற்றுக்கொண்டது.

இந்தியச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: காப்புரிமைச் சட்டத்தின் 3(டி). 2005-க்கு முன் இங்கே மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையே கிடையாது, தயாரிப்பு முறைக்கு மட்டும்தான். உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி அதை மாற்ற வேண்டி வந்தபோது, நாடாளுமன்றம் இந்தப் பிரிவை ஒரு காவலாக வைத்தது. அறிந்த பொருளின் புது வடிவம் அதன் திறனைக் கூட்டாவிட்டால் அது கண்டுபிடிப்பாகாது. இந்தப் பிரிவின் பெரிய போர் சென்னையில்தான் தொடங்கியது. ரத்தப் புற்றுநோய் மருந்தான க்ளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் 1998-ல் சென்னை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் அது நிராகரிக்கப்பட்டது. 3(டி) அரசியலமைப்புக்கு விரோதம் என்று நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம், மருந்து விஷயத்தில் திறன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன்தான் என்று தீர்த்துச் சொன்னது. ஆட்சேபித்தவர்களில் புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஒரு மும்பை அமைப்பும் இருந்தது.

ஆக, இந்த உரிமை தாளில் மட்டும் இருப்பதல்ல. ஆனால் அதைப் பயன்படுத்துவது எப்படி என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காப்புரிமை அலுவலகம் வெள்ளிக்கிழமைதோறும் ஓர் இதழ் வெளியிடுகிறது. இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு பக்கம்: விண்ணப்ப எண், தேதி, விண்ணப்பித்தவர், கண்டுபிடித்தவர், சர்வதேச வகைப்பாட்டு எண், தலைப்பு, சுருக்கம், கடைசியில் எத்தனை பக்கம், எத்தனை கோரிக்கைகள் என்ற கணக்கு. தொழிற்சாலைக் கொதிகலனின் வெப்பத்தை நொடிக்கு நொடி கண்காணிக்கும் கருவிக்கும், நுரையீரல் கிருமியைக் கொல்லும் மூலக்கூறுக்கும் இதே படிவம்தான். அந்தக் கூட்டத்தில் மருந்தை எப்படி அடையாளம் காண்பது? தலைப்பை நம்ப முடியாது. பெடாகுயிலின் உப்பு விண்ணப்பத்தின் தலைப்பில் காசநோய் என்ற சொல்லே இல்லை, வாயில் நுழையாத ஒரு வேதிப்பெயர்தான் இருந்தது. வகைப்பாட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். நோய்த்தொற்று மருந்துகளுக்கு 31 என்று ஒரு குழு உண்டு. அதில் 31/06 என்றால் காசநோய் மருந்து. அடுத்து முழு விண்ணப்பத்தைத் திறந்து 'கோரிக்கைகள்' பகுதியைப் படியுங்கள். எதற்கு வேலி போடுகிறார்கள் என்பது அங்கேதான் எழுதியிருக்கும். முன்னால் உள்ள நூறு பக்கமும் அதற்கான விளக்கம்தான்.

விண்ணப்பம் இதழில் வெளியாகி ஆறு மாதம் ஆகாமல் காப்புரிமை வழங்கக் கூடாது. வெளியான நாளிலிருந்து வழங்கப்படும் வரை யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். சட்டத்தின் 25(1) பிரிவு 'எந்த நபரும்' என்றே சொல்கிறது. அந்தத் துறையில் இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. படிவம் 7ஏ. காரணங்களாகச் சட்டம் பதினொன்றைச் சொல்கிறது: ஏற்கெனவே வெளியானது, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது, சட்டப்படி கண்டுபிடிப்பே ஆகாதது, போதிய விளக்கம் தராதது, வெளிநாட்டு விண்ணப்ப விவரங்களை மறைத்தது, மரபறிவிலிருந்து எடுத்தது என்று போகும். "மருந்து விலை அதிகம்" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. பலரும் சறுக்குவது இங்கேதான். ஏழைகள் வாங்க முடியாது என்று உருக்கமாக எழுதினால் மனு நிற்காது. இதே விஷயம் இந்த ஆண்டில் இந்த ஆய்விதழில் வந்துவிட்டது என்று ஆதாரத்தோடு காட்டினால் நிற்கும். வழக்கறிஞர் வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் கட்டாயமில்லை.

இந்த வாசல் சமீபத்தில் குறுகிவிட்டது. 2024 மார்ச்சில் வந்த திருத்த விதிகளின்படி ஆட்சேபத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கு முன் கட்டணமே கிடையாது. மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் பார்த்து முடிவு செய்வார், அதைத் தாண்டினால்தான் விசாரணை. காப்புரிமையை நாட்டில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று நிறுவனங்கள் ஆண்டுதோறும் தர வேண்டிய அறிக்கையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றாகிவிட்டது. பொய் மனுக்கள் குவிகின்றன என்பது அரசுத் தரப்பு நியாயம். பொய் மனுவைத் தடுக்க நோயாளியிடம் கட்டணம் கேட்க வேண்டியதில்லை. நோயாளிகளுக்கும் நோயாளி அமைப்புகளுக்கும் விலக்கு தர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

காப்புரிமை வழங்கப்பட்ட பிறகும் வழி அடைபடுவதில்லை. வழங்கிய செய்தி இதழில் வந்த ஓராண்டுக்குள், அதில் நலன் உள்ளவர் மறுபடி ஆட்சேபிக்கலாம். உயர் நீதிமன்றத்தில் ரத்து கோரலாம். மூன்றாண்டு கழித்தும் மருந்து நியாயமான விலையில் கிடைக்கவில்லை என்றால் வேறொரு நிறுவனம் கட்டாய உரிமம் கேட்கலாம். இந்தியாவில் இதுவரை ஒரே ஒருமுறைதான் அது கிடைத்திருக்கிறது. 2012 மார்ச்சில் கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய் மருந்தான சோராஃபெனிபுக்கு நாட்கோ நிறுவனம் வாங்கியது. மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற மருந்து 8,880 ரூபாய்க்கு இறங்கியது. மேல்முறையீட்டில் சென்னையிலிருந்த அறிவுசார் சொத்துரிமைத் தீர்ப்பாயமும் அடுத்த ஆண்டு அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பாயம் 2021-ல் கலைக்கப்பட்டு, வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போய்விட்டன. அவசர நிலையில் அரசே முன்வந்து உரிமம் திறக்க 92-ஆம் பிரிவும், தன் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ள 100-ஆம் பிரிவும் இருக்கின்றன. இருந்தும் அரசுகள் அவற்றைத் தொடத் தயங்குகின்றன.

சிறு தொழில் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஆலையில் பொருத்திய கண்காணிப்புக் கருவி எங்கள் காப்புரிமையை மீறுகிறது என்று கடிதம் வந்தால் பதறிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் வாங்கிய காப்புரிமை இங்கே செல்லாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை மீறல் வழக்குப் போட முடியாது. ஆண்டுக் கட்டணம் கட்டாமல் காலாவதியான காப்புரிமைகளும் ஏராளம். எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் நிலையைச் சரிபாருங்கள். இல்லாத காப்புரிமையை இருப்பதாகச் சொல்வது அபராதத்துக்குரியது.

பெடாகுயிலினுக்குத் திரும்புவோம். 2023 ஜூலையில் இங்கே காப்புரிமை முடிந்ததும் இந்திய நிறுவனங்களுக்கு வழி திறந்தது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, ஏழை நாடுகளுக்குக் காசநோய் மருந்து வாங்கித் தரும் சர்வதேச அமைப்பு அந்த ஆகஸ்டில் புது விலைகளை அறிவித்தது. ஜான்சன் நிறுவனத்தின் ஆறு மாத மருந்து 289 டாலரிலிருந்து 130 டாலருக்கு வந்தது. இந்திய நிறுவனமான லூப்பின் 194 டாலருக்குத் தர முன்வந்தது.

விலையைத் தாண்டியும் நோயாளி முட்டிக்கொள்ளும் சுவர்கள் உண்டு. இந்தியாவில் இந்த மருந்து முதலில் ஒரு சில மையங்களில் மட்டுமே கிடைத்தது. பாட்னாவைச் சேர்ந்த 18 வயதுப் பெண்ணுக்கு, டெல்லியில் வசிப்பவர் அல்லர் என்று சொல்லி மருத்துவமனை மறுத்தது. தந்தை டெல்லி உயர் நீதிமன்றம் போய் 2017 ஜனவரியில் வழி பெற்றார். அதற்குள் நோய் முற்றிவிட்டிருந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பெண் இறந்துபோனார்.

இன்று காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். தனியாரிடம் சிகிச்சை பெற்றாலும் பெயர் அரசின் நிக்ஷய் இணையத் தளத்தில் பதிவாக வேண்டும். பதிவானவருக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். வரவில்லையென்றால் மாவட்டக் காசநோய் அலுவலகத்தில் கேளுங்கள். முதல் பரிசோதனையிலேயே ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றால் ஊசியில்லாச் சிகிச்சை கிடைக்குமா என்று மருத்துவரிடம் நேராகவே கேட்கலாம். ஊசி தவிர்க்க முடியாத நிலையில் கேட்புத்திறன் சோதனை செய்துகொண்டே வர வேண்டும். காதில் இரைச்சல் கேட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பெடாகுயிலினும் ஆபத்தில்லாததல்ல. இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது அவசியம். இடையில் விட்டுவிட்டால் இந்த மருந்துக்கும் கிருமி பழகிவிடும். மருந்தோ தகவலோ தர மறுத்தால் அழைக்க வேண்டிய இலவச எண்: 1800-11-6666.