செயற்கைக் கண்ணீர்

செயற்கைக் கண்ணீர் என்பது உலர்ந்த கண்ணின் மேற்பரப்பை ஈரமாக வைத்திருக்கப் பயன்படும் உயவுச் சொட்டு மருந்து ஆகும். இது உலர்கண் நோயைக் குணப்படுத்துவதில்லை. எரிச்சலையும் மண் விழுந்தது போன்ற உறுத்தலையும் சிறிது நேரத்துக்குத் தணிக்கிறது.

இயல்பான கண்ணீர் வெறும் உப்புநீர் அன்று. இமை ஓரத்திலுள்ள மைபோமியன் சுரப்பிகள் தரும் எண்ணெய், கண்ணீர்ச் சுரப்பி தரும் நீர், விழிவெண்படலச் செல்கள் தரும் சளிப்பொருள் ஆகியவை கலந்த மெல்லிய படலம் அது. நீர் சுரப்பது குறைந்தாலும், எண்ணெய் குறைந்து நீர் விரைவாக ஆவியானாலும் கண் உலர்கிறது. அவ்வாறு உலர்ந்த கண் எரிச்சலால் திடீரெனத் தாரையாக நீர் வடிப்பதும் உண்டு. "கண்ணில்தான் தண்ணீர் கொட்டுகிறதே, இது எப்படி உலர்கண்?" என்று நோயாளிகள் கேட்பது இதனால்தான். கணினி, கைப்பேசித் திரைகளை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைவதும் ஒரு காரணம்.

இச்சொட்டு மருந்துகளில் கார்பாக்சிமீதைல் செல்லுலோஸ், ஹைப்ரோமெல்லோஸ், சோடியம் ஹயலூரோனேட் போன்ற பொருள்களுள் ஒன்று இருக்கும். கெட்டியான மருந்து நீண்ட நேரம் தங்கும்; ஆனால் பார்வையைச் சற்று மங்கலாக்கும். எனவே களிம்பு வகைகள் உறங்கும் முன் இடுவதற்கே ஏற்றவை.

பல முறை பயன்படுத்தும் புட்டிகளில் கிருமி வளராதிருக்கப் பதப்பொருள் சேர்ப்பது வழக்கம். அவற்றுள் பரவலான பென்சால்கோனியம் குளோரைடு, அடிக்கடி இட்டால் கண்ணின் மேற்பரப்பையே புண்படுத்தும். ஆகவே நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்படுவோருக்குப் பதப்பொருளற்ற ஒற்றைப் பயன்பாட்டுக் குப்பிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. பதப்பொருள் இல்லை என்றால் தூய்மையில் சிறிதும் தவறக் கூடாது. சென்னை அருகேயுள்ள ஓர் ஆலையில் தயாராகி அமெரிக்காவில் விற்கப்பட்ட இத்தகைய சொட்டு மருந்து, மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் பாக்டீரியாத் தொற்றுடன் தொடர்புபடுத்தப்பட்டு 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. அங்கு 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர். நால்வர் இறந்தனர், சிலர் பார்வை இழந்தனர்.

கைகளைக் கழுவி, கீழிமையைச் சற்று இழுத்து, புட்டியின் முனை கண்ணிலோ இமையிலோ படாமல் ஒரு துளி இட வேண்டும். இரண்டாம் துளி பெரும்பாலும் கன்னத்தில்தான் வழியும். வேறு கண் மருந்தும் இடுவதானால் ஐந்து நிமிடமாவது இடைவெளி தேவை. மென்மையான தொடுவில்லை அணிபவர்கள், தம் மருந்து அதற்கு ஏற்றதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். திறந்த புட்டியை, உறையில் குறித்துள்ள காலம் (பலவற்றில் ஒரு மாதம்) முடிந்ததும் எறிந்துவிட வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் 'சிவப்பு நீக்கும்' சொட்டு மருந்து வேறு. அது இரத்தக் குழாய்களைச் சுருக்குவது. தொடர்ந்து இட்டால் சிவப்பு முன்னிலும் கூடும். கடும் வலி, பார்வைக் குறைவு, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, சீழ் ஆகியவை தோன்றினால் உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணோடு வாயும் உலர்ந்து மூட்டுகளும் வலித்தால், ஷோகிரன் நோய்க்குறித்தொகை உள்ளதா எனவும் சோதிக்கப்படும்.