பங்காவும் தாழ்வாரமும்: பழைய பெருவிடுதிகளின் குளிர்ச்சி

பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாருவிலிருந்து, 1924இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் செல்லும் குடும்பங்களில் சில, பல மாதச் சேமிப்பைச் செலவிட்டு ராஃபிள்ஸ் ஹோட்டலில் ஓர் இரவாவது தங்கிப் பார்க்க விரும்புவதுண்டு. வாயிலில் நிற்கும் தலைப்பாகைக் காவலரையும் வெண்ணிறத் தூண்களையும் படம் எடுத்துக்கொண்டு அவர்கள் திரும்பிவிடுகின்றனர். ஆனால் அந்தக் கட்டடத்தில் கற்றுக்கொள்ளத்தக்க பொருள் அதன் கூரைக்கும் தரைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31 பாகை செல்சியஸை ஒட்டியும் அதற்கு மேலும் நிற்கும் ஓரிடத்தில், குளிர்சாதனம் என்ற சொல்லே பிறவாத காலத்தில், விருந்தினர் உறங்கத்தக்க அறையை எப்படிக் கட்டுவது என்ற கேள்விக்கு அந்தக் காலக் கட்டடக்கலைஞர்கள் அளித்த விடையே அந்த விடுதி.

ஈரானின் இஸ்பகான் நகரையொட்டிய ஜுல்பாவிலிருந்து வந்த ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள், பினாங்கில் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலை நிறுவிய பிறகு, 1887இல் சிங்கப்பூரின் கடற்கரையோரத்தில் பத்து அறைகள் கொண்ட ஒரு பங்களாவில் ராஃபிள்ஸைத் தொடங்கினர். இன்று காணப்படும் மூன்று மாடி முதன்மைக் கட்டடம், ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தைச் சேர்ந்த பிட்வெல் வரைந்தது; 1899இல் திறக்கப்பட்டது. 1902இல் வேடிக்கைக் காட்சியிலிருந்து தப்பிய ஒரு புலி, இந்த விடுதியின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அடியில் பதுங்கிச் சுடப்பட்ட செய்தி பலரும் அறிந்ததே. அந்தப் புலி அங்கே நுழைய முடிந்ததற்குக் காரணம், மலாய் வீடுகளைப் போலவே அந்தக் கூடமும் நிலத்திலிருந்து உயர்த்தப்பட்டு, தரைக்குக் கீழும் காற்று ஓட இடம் விடப்பட்டிருந்ததுதான் என்பதைச் சொல்வோர் குறைவு.

இத்தகைய கட்டடத்தின் முதல் கருவி தாழ்வாரம். நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு வருவதால் கூரையும், காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வருவதால் கிழக்கு மேற்குச் சுவர்களும் சூடேறுகின்றன; அகன்ற தாழ்வாரம் அந்த வெயிலைச் சுவரின்மேல் படாமல் தடுத்து, அறைக்குள் நுழையும் காற்றை நிழலின் வழியே வரச் செய்கிறது. இரண்டாவது கருவி, சாய்ந்த மரச்சட்டங்களை அடுக்கிய சாளரக் கதவு: மழைச்சாரலையும் கூசும் ஒளியையும் வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும் வகையில் அதன் சட்டங்கள் சாய்க்கப்பட்டிருக்கும். மூன்றாவது, ஏறத்தாழ 14 அடி உயரமுள்ள மேற்கூரை. சூடான காற்று எடை குறைந்து மேலே எழுகிறது. அது மேலேயுள்ள துவாரங்கள் வழியே வெளியேறினால், கீழ்ப்பகுதியில் குளிர்ந்த காற்று தானாக வந்து அந்த இடத்தை நிரப்பும். ஜொகூர்த் தோட்டங்களில் ரப்பர் தாள்களை உலர்த்திய புகைக்கூடங்களின் உச்சியில் திறந்துமூடும் பலகைகள் இருந்ததும் இதே விதியால்தான். அங்கே விறகு நெருப்பு செய்த வேலையை, விடுதி அறையில் மனிதர்களின் உடற்சூடும் விளக்குகளின் சூடும் மெதுவாகச் செய்தன. முன்னால் அமரும் அறை, நடுவே படுக்கையறை, பின்னால் குளியலறை என்று ஒரே கோட்டில் அமைந்த அறைத்தொகுதி, குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு வசதியாக இருப்பதோடு, ஒரு புறம் நுழையும் காற்று மறுபுறம் வெளியேறவும் வழி செய்தது.

இவ்வளவும் இருந்தும் காற்றே அசையாத பிற்பகல்கள் உண்டு. அப்போது வேலை செய்தது பங்கா. நீண்ட மரச்சட்டத்தில் துணியைப் பொருத்தி, அதைச் சாப்பாட்டு மேசைக்கோ கட்டிலுக்கோ மேலாகக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, அதில் கட்டிய கயிற்றைக் கப்பியின்மேல் ஓட்டி, சுவரிலுள்ள துளை வழியே வெளியே கொண்டுசென்று, அங்கிருந்து ஒருவர் இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும் அமைப்பு அது. இதில் வியப்புக்குரிய செய்தி, பங்கா அறையின் வெப்பத்தை ஒரு பாகைகூடக் குறைப்பதில்லை என்பதாகும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் போல ஈரப்பதம் மிகுந்த காற்றில், தோலையொட்டிய மெல்லிய காற்றுப்படலம் விரைவில் நீராவியால் நிரம்பிவிடுவதால் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. அந்தப் படலத்தை அடிக்கடி கலைத்து, அதன் இடத்தில் புதிய காற்றைக் கொண்டுவந்து நிறுத்துவது மட்டுமே பங்காவின் பணி. குளிர்ச்சியை உண்டாக்குவது உடலே. பங்கா அதற்குத் தடையாக நிற்பதை விலக்குகிறது. இதனால்தான் ஆளில்லாத அறையில் விசிறியைச் சுழலவிடுவதால் எந்தப் பயனும் இல்லை.

பங்காவின் மறுமுனையில் இருந்தவரைப் பற்றிப் பழைய பயணநூல்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. மலாயாவில் இந்தக் கயிற்றை இழுத்தவர்களில் தமிழர்களும் இருந்தனர். அறைக்கு வெளியே, காற்று வராத மூலையில் அமர்ந்து, இரவிலும் முறைவைத்துக் கயிற்றை இழுத்தார்கள். கை சோர்ந்தபோது கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு இழுத்தவர்களும் உண்டு. தசை இயங்கும்போது உடல் சூடேறுகிறது. ஆகவே உள்ளே ஒருவர் குளிர்ச்சி பெற, வெளியே மற்றொருவர் தம் உடலில் வெப்பத்தை ஏற்றுக்கொண்டார். பெருவிடுதிகளின் வரலாற்றை எழுதுவோர் அங்கே தங்கிய எழுத்தாளர்களின் பெயர்களை வரிசைப்படுத்தும் அளவுக்கு இவர்களை நினைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

இவர்களின் வேலையை மின்விசிறி முடித்துவைத்தது. தையல் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற சிங்கர் நிறுவனத்தில் பணியாற்றிய பிலிப் டீல் என்பவர், தையல் இயந்திரத்துக்காக உருவாக்கிய மின்னோடியில் இறக்கைகளைப் பொருத்தி அதைக் கூரையில் தொங்கவிட்டது 1880களில். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஆசியாவின் பெருவிடுதிகளுக்குக் கூரைவிசிறி வந்துவிட்டது. சிங்கப்பூரில் பொது மின்வழங்கல் தொடங்கியது 1906இல்தான் என்றாலும், ராஃபிள்ஸின் 1899ஆம் ஆண்டுக் கட்டடம் தனக்கென மின்னாக்கி வைத்து விளக்குகளையும் விசிறிகளையும் இயக்கியது. 1903இல் மும்பையில் திறக்கப்பட்ட தாஜ்மகால் ஹோட்டலும் அமெரிக்காவிலிருந்து விசிறிகளை வரவழைத்தது. பழைய கூரைவிசிறிகள் பெரியனவாகவும் மெதுவாகச் சுழல்வனவாகவும் இருந்ததைப் பலர் பழமையின் அழகு என்று கருதுகின்றனர். அதில் கணக்கு ஒன்று உண்டு. ஒரே பரப்பில் காற்றைத் தள்ளத் தேவையான ஆற்றல், காற்றின் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்கிறது. இறக்கையின் நீளத்தை இரட்டித்தால் அது கடக்கும் பரப்பு நான்கு மடங்காகும். அதே அளவு காற்றைக் கால் பங்கு வேகத்தில் நகர்த்தினால் போதும். பரப்பு கூடியதையும் சேர்த்துக் கணக்கிட்டால், கொள்கையளவில் ஆற்றல் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். உயரமான கூரை இருந்தால்தான் அத்தகைய பெரிய இறக்கை தலையில் இடிக்காமல் சுழல முடியும் என்பதால், கூரையும் விசிறியும் ஒன்றுக்கொன்று துணையாக வடிவமைக்கப்பட்டவை எனலாம்.

குளிர்சாதனம் இந்த உறவை முறித்தது. 1902இல் வில்லிஸ் கேரியர் அமைத்த முதல் கருவி, புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவதற்கானது. மனிதர்களுக்கு அது வந்தது பிறகுதான். குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு, தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. பங்கா இழுத்தவர் தாங்கிய சுமையை இன்று அஞ்சடியில் நடப்பவர் தாங்குகிறார். (கடைகளின் முகப்பில் கூரைக்குக் கீழே தொடர்ந்து செல்லும் நடைபாதையே அஞ்சடி; அது 1822இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் சிங்கப்பூரில் விதிக்கப்பட்டு, ஜொகூர் பாருவுக்கும் பரவியது.) ராஃபிள்ஸ் ஹோட்டலிலும் இன்று குளிர்சாதனம் உண்டு. எனினும் 1989 முதல் 1991 வரையிலும், மீண்டும் 2017 முதல் 2019 வரையிலும் நடந்த புதுப்பிப்புகளில் தாழ்வாரங்களும் உயர்ந்த கூரைகளும் காக்கப்பட்டன. 1987இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது அதற்கு அரணாக அமைந்தது.

ஜொகூர் பாருவின் ஜாலான் டோபி, ஜாலான் டிரஸ், ஜாலான் தான் ஹியோக் நீ ஆகிய தெருக்களிலுள்ள பழைய கடைவீடுகளிலும் இதே கருவிகள் எளிய வடிவில் உள்ளன: அஞ்சடி, சாய்சட்டக் கதவுகள், சாளரத்துக்கு மேலே காற்றுத் துவாரங்கள், செட்டிநாட்டு முற்றத்தைப் போல நடுவே வானுக்குத் திறந்த காற்றுக்கிணறு. கடைவீடுகளைத் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாற்றுவோர் பலர் முதலில் செய்வது துவாரங்களைச் சுண்ணம் பூசி அடைப்பதும், காற்றுக்கிணற்றைக் கண்ணாடியால் மூடுவதும்தான்; பிறகு அறை கொதிக்கிறது என்று இன்னொரு குளிர்சாதனத்தைப் பொருத்துகிறார்கள். இது அறியாமையால் நேரும் வீண்செலவு. பழைய கட்டடத்தை வாங்கியவர்கள் கொத்தனாரை அழைக்கும் முன், பிற்பகலில் எல்லாச் சாளரங்களையும் திறந்து, ஓர் ஊதுவத்தியை ஏற்றி, புகை எந்தத் துவாரத்தை நோக்கிப் போகிறது என்று பார்க்க வேண்டும்; அந்தத் துவாரத்தை அடைக்காமல் விட வேண்டும்.