வார்ப்பிரும்பைப் பற்றவைத்தல்

கோயம்புத்தூரில் உருவாகும் பல பம்புகளின் உடல் வார்ப்பிரும்பால் ஆனது. அந்தியூர்ப் பக்கத் தோட்டத்தில் அதன் உறிஞ்சு பக்கம் விரிசல் விட்டால், காற்று புகுந்து மோட்டார் ஓடினாலும் தண்ணீர் ஏறாது.

வார்ப்பிரும்பில் கரிமம் 2 முதல் 4 சதவீதம் வரை உள்ளது. ஆகவே வெல்டிங் செய்த இடம் சட்டென ஆறினால், ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி வெடிக்கும். முதலில் விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட வேண்டும். இல்லையேல் அது நீளும். பின்பு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, ‘வி’ வடிவில் தேய்த்து, நிக்கல் ராடால் ஓர் அங்குலம் மட்டும் ஓட்டி, சூட்டோடு சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். கை பொறுக்கும் அளவு ஆறிய பின்பே அடுத்த அங்குலம். தண்ணீர் ஊற்றவே கூடாது. முடிந்ததும் சாம்பலில் புதைத்து வைக்கலாம். சாதாரண எஃகு ராடு மலிவுதான். ஆனால் அந்த ஒட்டு அரம் ஏறாதபடி இறுகிவிடும்.