தாவுல் சிற்றூர் ஆலயமும் அதன் சுவரோவியமும்

பழங்கோயிலைக் காத்தல் என்பது கட்டடத்தைக் காத்தலா? அதன்கண் உள்ள கலையைக் காத்தலா? இரண்டும் பிரிக்கத்தக்கனவா? ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியப் பகுதியில், பிரெனீசு மலைச் சிற்றூராகிய தாவுலில் உள்ள புனித கிளமெந்து ஆலயத்தின் வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாலயம் உரோமனெஸ்க் பாணியில் அமைந்தது. தூண் வரிசைகளும் மரக்கூரையும் ஆறு நிலை மணிக்கோபுரமும் உடையது. 1123-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஆயர் இரைமுண்டு இதனைத் திருநிலைப்படுத்தினார். தூணொன்றில் வண்ணத்தால் தீட்டப்பெற்ற இலத்தீன் வாசகமே இதற்குச் சான்று. பலிபீடத்தின் பின்னுள்ள அரைவட்டச் சுவரில் அருளாட்சி புரியும் கிறிஸ்துவின் பேருருவம் விளங்கிற்று.

1907-இல் கத்தலோனிய ஆய்வுக்குழு ஒன்று இவ்வட்டார ஆலயங்களை ஆராய்ந்தது. பின்னர் வணிகரின் கண் இவ்வோவியங்கள்மேல் விழுந்தது. அண்மையிலிருந்த மூர் ஆலயத்தின் ஓவியம் அமெரிக்கப் பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தை அடைந்தது. அந்நிலை பிறவற்றிற்கும் நேராவண்ணம், 1919 முதல் 1923 வரை, பசை தோய்த்த துணியை ஒட்டி, உலர்ந்தபின் வண்ணப்படலத்தோடு உரித்தெடுத்து, ஓவியங்களைப் பார்சிலோனாவிற்குக் கொண்டுசென்றனர்.

இச்செயலால் ஓவியம் நாட்டிலேயே நிலைத்தது. ஆயின் தான் பிறந்த சுவரை நீங்கிற்று. 2000-இல் இப்பள்ளத்தாக்கின் ஒன்பது ஆலயங்கள் உலக மரபுச் சின்னங்களாயின. 2013-இல், சுவரில் எஞ்சிய மூலப்பகுதிகளை வெளிப்படுத்தி, அவற்றின்மேல் முழு ஓவியத்தையும் ஒளியால் காட்டும் முறையை அமைத்தனர். உரித்தபின்னும் சுவரில் வண்ணம் எஞ்சியிருந்தமை கருதத்தக்கது. ஆகவே, பெயர்த்தெடுத்தல் இடர்க்காலத்து மருந்தேயன்றிப் பாதுகாப்பின் பொதுநெறி ஆகாது என்பதே நம் துணிபு.