பனிக்குழியில் போட்ட பாத்தி

"பள்ளத்துல போயி கெழங்கு போட்டுட்டீங்களே சாமி. அது பனிக்குழிங்க. வெள்ளக்காரன் காலத்துலயே அங்க தேயில வைக்கல."

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் எம்மிடம் இப்படிச் சொன்னபோது காலை எட்டு மணி இருக்கும். முதல்நாள் மாலைவரை ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நின்ற உருளைக்கிழங்குச் செடிகள், வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கிடந்தன. மதியத்துக்குள் கறுத்துப்போயின.

அந்த நிலத்தைத் தெரிவு செய்தவர்கள் நாமே. சில ஆண்டுகளுக்கு முன்னர் மண்சரிவு அபாயத்தால் கண்டி மாவட்டத்தில் தம் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்துக்கு, அவர்களின் உறவினர் இருந்த அந்த மேல்மலையில் கால் ஏக்கர் நிலம் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தோம். சமதரை, கல் இல்லை, ஓடை பக்கத்தில். கண்டியில் விவசாயம் பார்த்த கண்ணுக்கு அதைவிட நல்ல நிலம் கிடையாது. அயலவர்கள் ஏன் அதைத் தரிசாக விட்டிருக்கிறார்கள் என்று ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். நாம் கேட்கவில்லை. விதைக்கிழங்கு வாங்கியது கடனில்.

இந்தப் பழைய கதையை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா சூறாவளியும் மண்சரிவுகளும் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இருந்த இடத்திலிருந்து பெயர்த்துவிட்டன. உறவினர் வீடு, குத்தகை நிலம், தகரக் கொட்டில் என்று கிடைத்த இடத்தில் பலர் புதிதாகத் தொடங்க வேண்டியுள்ளது. அவர்களில் சிலர் முன்பு இருந்ததைவிட உயரமான இடத்தில் தொடங்குகிறார்கள். எமக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேரக்கூடாது.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1,868 மீற்றர். வீதியால் போனால் 80 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெப்பநிலை சுமார் 6 பாகை குறைகிறது. ஆகவே கண்டியில் ஒரு போர்வை போதுமான இரவில், கந்தப்பளையிலும் இராகலையிலும் அம்பேவலையிலும் பட்டிப்பளையிலும் புல்மேல் வெள்ளை படிந்துவிடும். ஜனவரி, பெப்ரவரி மாதங்கள்தாம் அதற்குரிய காலம். தைப் பனி தரையைத் துளைக்கும் என்று நம் முன்னோர் சொன்னது வேறு நாட்டில் என்றாலும் இந்த மலைக்கும் அது பொருந்தும்.

இதில் எம் மொழியே எம்மைச் சற்று ஏமாற்றுகிறது. மலையை மூடும் மூடுபனியும் பனி, புல்லில் துளிக்கும் நீரும் பனி, செடியைக் கருக்கும் உறைபனியும் பனி. மேட்டிலும் பள்ளத்திலும் மூட்டம் கவிந்த இரவில் மக்கள் நடுங்குகிறார்கள், பயிருக்குப் பயப்படுகிறார்கள். உண்மையில் அந்த மூட்டம் பயிருக்குப் போர்வை. பகலில் வெயில் எரித்து, மாலையில் காற்று ஓய்ந்து, இரவில் வானம் துடைத்தாற்போல் நட்சத்திரங்களோடு நிற்கிறதே, அந்த அழகான இரவுதான் பயிரைக் கொல்லும்.

பகலெல்லாம் நிலம் வாங்கி வைத்த வெப்பம் இரவில் மேலே வெளியேறுகிறது. முகில் இருந்தால் ஒரு பகுதி திரும்பி வருகிறது; முகில் இல்லாவிட்டால் போனது போனதுதான். காற்று வீசினால் மேலேயுள்ள சற்றுச் சூடான காற்று கீழே கலக்கும். காற்று ஓய்ந்தால் அதுவும் இல்லை. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே ஒரே தோட்டத்தில் மேட்டுப் பாத்தி பிழைக்க, முப்பது அடி கீழேயுள்ள பாத்தி கருகிவிடும். எமது சமதரை அப்படித் தேங்கும் குளம். போதாததற்கு, மாடு வராமல் இருக்க அதன் கீழ் எல்லையில் நெருக்கமாக வேலியும் போட்டுக் கொடுத்திருந்தோம். குளத்துக்கு அணை கட்டியது போலாயிற்று.

வானொலியில் நுவரெலியாவின் வெப்பநிலை 4 பாகை என்று சொன்னால், பூச்சியத்துக்கு இறங்கவில்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். வானிலை நிலையத்தின் வெப்பமானி நிலத்திலிருந்து ஓர் ஆள் நெஞ்சளவு உயரத்தில், நிழற்கூட்டுக்குள் இருக்கிறது. அங்கே 4 பாகை காட்டும் அமைதியான இரவில் புல் நுனி பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கலாம். அந்த முதியவர் காட்டிய வழி மிக எளிது. மாலையில் ஒரு தகரத் தட்டில் விரலளவு தண்ணீர் ஊற்றிப் பாத்தியின் நடுவில் வைப்பது. விடியுமுன் அதில் ஆடை படிந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது. நிலத்தை எடுக்குமுன் தை மாதத்தில் பத்து இரவு இப்படி இரண்டு மூன்று இடங்களில் தட்டு வைத்தால், எந்தப் பாத்தி பனிக்குழி என்பதை அந்த நிலமே சொல்லிவிடும்.

செய்யக்கூடியவை

முதலாவது, எதை எங்கே நடுவது என்பது. உருளைக்கிழங்கு, போஞ்சி, தக்காளி ஆகியவை உறைபனிக்குத் தாங்கா. லீக்ஸ், கரட், கோவா ஓரளவு தாங்கும். பள்ளத்துக்கு இவை, மேட்டுக்கு அவை. கீழ் எல்லை வேலியில் குளிர் வழிந்து போக இடைவெளி விட வேண்டும். மேல் எல்லையில் நெருக்கமான வேலி இருப்பது நல்லது. மேலிருந்து வருவதை அது திருப்பிவிடும்.

அடுத்தது மண். ஈரமண் பகலில் அதிக வெப்பத்தைச் சேமிக்கும். காய்ந்து பொலபொலத்த மண் சேமிக்காது. எனவே தெளிந்த இரவு வரும் என்று தெரிந்தால் அன்று காலையிலேயே பாத்தியை நனைத்து வெயில் படவிட வேண்டும். அந்த நாட்களில் மண்ணைக் கொத்திக் கிளறக்கூடாது. மானாப்புல் மூடாக்கு விடயத்தில் நாமும் பிழையாகவே நினைத்திருந்தோம். செடிகளுக்கு இடையில் மண்மேல் கிடக்கும் மானாப்புல், மண்ணின் வெப்பம் செடிக்கு ஏறுவதைத் தடுக்கிறது. பனி இரவில் அதை மண்மேலிருந்து எடுத்து, செடிமேல் மெல்லப் பரப்ப வேண்டும். காலையில் வெயில் ஏறியதும் அகற்ற வேண்டும். சாக்கும் உதவும். பொலித்தீன் என்றால் தடி நட்டு, இலையில் படாமல் கட்ட வேண்டும். பட்ட இடம் கருகும்.

குப்பை எரித்துப் புகை மூட்டுவது பல இடங்களில் வழக்கம். புகை முகிலைப் போல் வேலை செய்யாது. நெருப்பின் சூடு அதன் பக்கத்திலுள்ள சில செடிகளுக்குப் போகும், அவ்வளவே. விறகுக்கும் இருமலுக்கும் அது ஈடாகாது என்பது எம் கருத்து.

தண்ணீர் தெளிப்பதில் பலன் உண்டு, ஆனால் அரைகுறையாகச் செய்தால் ஆபத்து. நீர் உறையும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால்தான் இலைமேல் தொடர்ந்து நீர் விழுந்துகொண்டிருக்கும்வரை இலை பிழைக்கிறது. நள்ளிரவில் தொடங்கி மூன்று மணிக்குத் தாங்கியில் நீர் முடிந்துவிட்டால், ஈர இலை காய்ந்த இலையைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துபோகும். விடிந்து பனி உருகும்வரை விசிறக்கூடிய நீர் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

கருகிய பின் அவசரப்பட்டுப் பிடுங்கவும் வேண்டாம், யூரியா போடவும் வேண்டாம். இளம் கிழங்குச் செடி நிலத்துக்குள்ளிருந்து மீண்டும் துளிர்ப்பதுண்டு. இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். எம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு அப்படித் துளிர்த்தது. விளைச்சல் கடனுக்குப் போதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பயிருக்கு மட்டுமா?

செடிக்குச் சொன்ன அதே கணக்குத்தான் தகரக் கொட்டிலுக்கும். தெளிந்த இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டு வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. உள்ளே இருப்பவர்களின் மூச்சு அதில் நீராகப் படிந்து விடிகாலையில் சொட்டுகிறது. படுக்கை நனைகிறது, நனைந்த போர்வை இருந்தும் இல்லாததுதான். தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுச் சாக்கோ காட்போட் அட்டையோ கட்டினால் சொட்டுவது குறையும். மேலே போர்ப்பதைவிடக் கீழே விரிப்பது முக்கியம்; நிலம்தான் உடற்சூட்டை அதிகமாக இழுக்கிறது. கைக்குழந்தையின் தலையை மூடி, தாயின் மேனியோடு அணைத்துப் படுக்க வைப்பதற்கு ஈடான அடுப்பு இல்லை.

அடுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வெப்பமான அந்த நாட்டுப்புறம் எதிர்பாராத உறைகுளிர் வந்து மின்சாரமும் நின்றுபோனது. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் குளிரால். ஆனால் குளிருக்குத் தப்ப வீட்டுக்குள் கரி எரித்தும் மின்பிறப்பாக்கி ஓட்டியும் நச்சு வாயுவால் இறந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பூட்டிய காம்பராவுக்குள் கரிச்சட்டியை வைத்துக்கொண்டு தூங்குவது எம் மலையிலும் நடக்கிறது. தூங்குமுன் சட்டியை வெளியே வையுங்கள்.

உறைபனியே விழாத இடத்திலும் குளிர் கொல்லும் என்பதை 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் கண்டோம். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களும், போரில் மறுபடி இடம்பெயர்ந்தவர்களும் எமது வாசகர்களில் உண்டு. அவர்களுக்கு இது செய்தி அல்ல. மாண்டஸ் புயல் வங்கக் கடலில் கரையோரமாக நகர்ந்து, டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. அந்த ஓரிரு நாட்களில் மழையோடு குளிர்காற்று வீச, இரு மாகாணங்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் இறந்தன. நோய் என்று முதலில் பயந்தார்கள். கடுங்குளிரின் தாக்கமே காரணம் என்று கால்நடைத் துறையினர் கூறினர். வெப்பநிலை பூச்சியத்துக்கு அருகில்கூடப் போகவில்லை.

பின் எப்படி இறந்தன? நனைந்த மயிர் சூட்டைத் தாங்காது. காற்று மீதியைப் பறிக்கும். இரைப்பையில் புல் நொதிக்கும்போது வரும் சூடுதான் மாட்டின் அடுப்பு. வயிறு காலியானால் அடுப்பும் அணைகிறது. காலபோகத்தில் வயலெல்லாம் நெல். மாட்டை எங்கே மேய்ப்பது? மேய்ச்சல் தரை கேட்டு வன்னியிலும் மட்டக்களப்பிலும் பட்டிக்காரர் பல ஆண்டுகளாக மனுக் கொடுத்து வருகிறார்கள். தரை இல்லாத மாடு மெலிகிறது, கொட்டில் இல்லாத மாடு நனைகிறது. காற்று வந்தது இரண்டு நாள். மெலிவு வந்தது பல மாதத்தில். இதை இயற்கை அனர்த்தம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எமக்கு மனம் வரவில்லை.

ஒரு பக்கம் மட்டும் சாக்கோ கிடுகோ கட்டிக் காற்றை மறைத்தாலே பாதி வேலை முடிந்தது. வைக்கோலை மாலையில் கொடுங்கள். இரவெல்லாம் சூடு தரும். கன்றுக்குச் சாக்குப் போர்வையும் காய்ந்த படுக்கையும். இறந்துவிட்டால் இறைச்சிக்கு விற்க வேண்டாம். அன்றைக்கே படம் எடுத்து, கிராம உத்தியோகத்தருக்கும் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். பதிவில்லாத மாட்டின் இழப்பை நிரூபிப்பது கடினம். காதுத்தோடு போட்டுப் பதிவு செய்ய இப்போதே போங்கள். பயிருக்குக் காப்புறுதி எடுப்பவர்கள், வெள்ளம், வரட்சி என்று வாசித்துக்கொண்டு போகும் அதிகாரியை நிறுத்தி, உறைபனி அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

கந்தப்பளைக் குடும்பம் அடுத்த ஆண்டும் அதே நிலத்தைத்தான் செய்தது. வேறு நிலம் கிடைக்கவில்லை. பள்ளத்தில் லீக்ஸும் கரட்டும், மேலே ஒடுங்கிய வரப்பில் மட்டும் கிழங்கு. கீழ் வேலியில் ஆறடி அகலத்துக்கு வெட்டி, மாடு வராமல் இரண்டு கம்பு மட்டும் குறுக்கே கட்டியிருந்தார்கள். பழைய கடன் தீர இரண்டு போகம் பிடித்தது. தை மாதத்தில் நாம் போகும்போதெல்லாம் அந்த வீட்டம்மா பாத்தி நடுவிலிருந்து தகரத் தட்டை எடுத்து வந்து, "இன்னக்கி ஒண்ணுமில்ல சாமி" என்றோ, "பாருங்க, கண்ணாடி மாதிரி" என்றோ காட்டுவார்.