சோலோ நேரத்தில் கால் எங்கே போகும்?

சமூக மன்றத்தில் ஒரு மெல்லிசை நிகழ்ச்சி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'இளைய நிலா'வுக்குத் தெளிந்த ஒலியில் கம்பி கம்பியாக மீட்டிய கிட்டார் கலைஞர், அடுத்த பாட்டில் ராக் இசைக்குழுபோல் உறும வேண்டும். அதே பாட்டின் இடையிசையில் சில விநாடிகளுக்கு அவர்தான் கதாநாயகன். சரணம் தொடங்கியதும் பாடகருக்குப் பின்னால் ஒதுங்கிவிட வேண்டும். இடக்கை கிட்டாரின் கழுத்தில், வலக்கை கம்பியில். ஒலியை மாற்ற மிச்சமிருப்பது கால் மட்டும்தான்.

அந்தக் கால் எதை மிதிக்க வேண்டும், மிதித்தால் என்ன நடக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவுசெய்து வைக்க வேண்டும். டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் கருவி வாங்கும் இளையர்கள் பலர் நல்ல ஒலியைத் தேடி மாதக்கணக்கில் திருகுகளைத் திருகுகிறார்கள். ஆனால் ஃபுட்சுவிட்சுகளைக் கடையிலிருந்து வந்த மாதிரியே விட்டுவிடுகிறார்கள். மேடையில் காலை வாரிவிடுவது அதுதான்.

முன்பு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1977ல் ஓடி-1 உள்ளிட்ட தனது சிறிய பெடல்களை வெளியிட்டபோது, ஒரு பெட்டிக்கு ஒரு வேலை, அதற்கு ஒரே ஒரு மிதி. ஐந்து விதமான ஒலி வேண்டுமென்றால் ஐந்து பெட்டிகளைச் சுமந்தார்கள். டிஜிட்டல் கருவி வந்தபின் நூறு ஒலிகள் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன. காலுக்கு மட்டும் இடம் பெருகவில்லை.

அதே நிறுவனம் 2016ல் கொண்டுவந்த ஜிடி-1 கருவியை எடுத்துக்கொள்வோம். எடை 1.3 கிலோ. நான்கு ஏஏ மின்கலம் போட்டாலே வேலை செய்யும். நாமே அமைத்துச் சேமிக்கும் ஒலித்தொகுப்புகளுக்கு, அதாவது பேட்ச்சுகளுக்கு, 99 இடங்கள் உண்டு. மிதிக்கவோ மூன்றே சுவிட்சுகள்: முந்தைய பேட்ச்சுக்குப் போக ஒன்று, அடுத்ததற்குப் போக ஒன்று, நம் விருப்பத்துக்கு விடப்பட்ட 'சிடிஎல்1' ஒன்று. பக்கத்தில் பாதம் முழுவதையும் வைத்து அசைக்கும் எக்ஸ்பிரஷன் பெடல். இவ்வளவுதான் காலுக்குக் கிடைத்த சொத்து.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

கருவியைத் தொடும் முன் பாட்டுப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் ஒலி எங்கே மாறுகிறது என்று குறியுங்கள். முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் என்று போகும் திரைப்பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று ஒலிகள் போதும். தெளிவான ஒலி, கொஞ்சம் கரகரப்பான ஒலி, சோலோவுக்கு உரக்கப் பாடும் ஒலி. பட்டியலில் எட்டுப் பாட்டு இருந்தாலும் குறிப்பெழுதி முடித்தபின் எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு பேட்ச்சுக்குமேல் தேவைப்படாது.

அவற்றை நிகழ்ச்சி வரிசையிலேயே அடுத்தடுத்த எண்களில் சேமியுங்கள். காரணம் எளியது. ஜிடி-1 போன்ற கருவியில் 1லிருந்து 4க்குப் போக 2, 3 இரண்டையும் கடந்தாக வேண்டும். பாட்டின் நடுவில் அப்படிக் கடந்தால் சம்பந்தமில்லாத இரண்டு ஒலிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். போதாக்குறைக்கு, பல கருவிகளில் பேட்ச் மாறும் நொடியில் ஒலி சற்றே அறுபடும், ஒலித்துக்கொண்டிருந்த எதிரொலியும் வெட்டுப்படும்.

ஆகவே பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் பேட்ச்சை மாற்றுங்கள். பாட்டுக்குள் சிடிஎல் சுவிட்சைப் பயன்படுத்துங்கள். ஒரே பேட்ச்சுக்குள் ஓவர்டிரைவை இயக்குவது, எதிரொலி தரும் டிலேயைச் சேர்ப்பது, ஒலியளவைக் கூட்டுவது ஆகிய மூன்றையும் ஒரே மிதியில் கட்டிவைக்க முடியும். இதற்குக் கருவியில் 'அசைன்' என்ற பகுதி இருக்கும். எந்த சுவிட்ச், எதை மாற்ற வேண்டும், மிதிக்காதபோது என்ன அளவு, மிதித்தபின் என்ன அளவு என்று நான்கு விவரங்களை அது கேட்கும். மூன்று மாற்றத்துக்கு மூன்று அசைன், மூன்றிலும் சுவிட்ச் ஒன்றே. லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் கருவியில் இதே வேலையை 'ஸ்னாப்ஷாட்' என்ற வசதி செய்கிறது.

இங்கே இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். சிடிஎல் சுவிட்சின் வேலை பேட்ச்சுக்கு பேட்ச் மாறலாமா, எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்க வேண்டுமா? கருவிகள் இரண்டுக்கும் இடம் தருகின்றன. 'சோலோ என்றால் இந்த மிதி' என்று எல்லாப் பாட்டுக்கும் ஒன்றாக வைப்பதே என் கட்சி. இந்தப் பாட்டில் சோலோ, அந்தப் பாட்டில் டிலே, மற்றொன்றில் கோரஸ் என்று வைத்தால் புத்தி நினைவில் வைத்துக்கொள்ளும், கால் வைத்துக்கொள்ளாது.

மிதித்தும் கேட்கவில்லையே

திருமண விருந்துகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது. இடையிசை வருகிறது, கிட்டார் கலைஞர் மிதிக்கிறார், முகத்தில் உணர்ச்சி பொங்குகிறது, மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்பதில்லை. பழி ஒலிப்பொறியாளர்மேல் விழும். பல நேரங்களில் அவர்மேல் குற்றமே இருக்காது.

ஓவர்டிரைவ் என்பது ஒலியை ஓர் அளவுக்குமேல் எழவிடாமல் நசுக்கித்தான் அந்தக் கரகரப்பை உண்டாக்குகிறது. ஒலியைக் கூட்டும் பூஸ்ட்டை அதற்கு முன்னால் வைத்தால் கரகரப்பு கூடும், ஓசை அவ்வளவாகக் கூடாது. பின்னால் வைத்தால்தான் சோலோ மேலெழும். கருவிக்குள் எஃபெக்ட்டுகளின் வரிசையை மாற்ற முடியும் என்பதால் இதற்குச் செலவில்லை. எக்ஸ்பிரஷன் பெடலை வால்யூமுக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். ஓவர்டிரைவுக்கு முன்னால் இருந்தால் பாதம் கரகரப்பைக் கட்டுப்படுத்தும், பின்னால் இருந்தால் ஓசையைக் கட்டுப்படுத்தும். அந்த வால்யூமுக்கும் பின்னால் டிலே இருந்தால், பாதத்தைத் தூக்கியபின்னும் எதிரொலி இயல்பாகத் தேய்ந்து அடங்கும்.

வால்யூம் பெடலின் குறைந்த அளவைச் சுழியத்தில் விடாமல் பாதியளவில் வைத்துப் பாருங்கள். குதிகாலை அழுத்தினால் பாடகருக்குத் துணை வாசிக்கும் ஓசை, விரல்களை அழுத்தினால் சோலோ ஓசை. பாட்டு நடுவில் தவறிப்போய்க் குதிகால் இறங்கினாலும் கிட்டார் ஊமையாகாது.

வீவக வீட்டில் இரவு பத்து மணிக்கு ஹெட்ஃபோனில் அமைத்த அளவு மண்டபத்தில் பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும். மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் குறைவாகவே எட்டும். அதை ஈடுகட்ட நாம் பேஸைக் கூட்டிவிடுவோம். உரத்த மண்டபத்தில் அது குமுறும், கிட்டார் அதற்குள் புதைந்துபோகும். ஒத்திகைக்கூடத்தில் டிரம்ஸ் ஒலிக்கும்போது ஒருமுறை சரிபார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

கூடுதல் சுவிட்ச் வாங்கும் முன்

மூன்று மிதி போதாதவர்கள் தனி ஃபுட்சுவிட்ச் வாங்கிச் செருகலாம். ஜிடி-1ல் அதற்கான துளை உண்டு. ஆனால் ஃபுட்சுவிட்சில் இரண்டு சாதி உள்ளது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஒன்று வாசல் மணியைப் போன்றது, அழுத்தும்வரைதான் இணைப்பு. இன்னொன்று விளக்கு சுவிட்சைப் போன்றது, ஒருமுறை அழுத்தினால் போட்டபடி நிற்கும். பாஸ் தயாரிப்புகளில் எஃப்எஸ்-5யூ முதல் வகை, எஃப்எஸ்-5எல் இரண்டாம் வகை. பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்புகள்.

இப்படிப்பட்ட டிஜிட்டல் கருவிகளுக்குப் பொதுவாக வாசல் மணி வகையே ஏற்றது. மிதித்தபின் அப்படியே நிற்க வேண்டுமா, காலை எடுத்ததும் அணைய வேண்டுமா என்பதைக் கருவிக்குள்ளேயே தேர்ந்தெடுக்கலாம். விளக்கு வகையைச் செருகினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு முறை மிதிக்க வேண்டிவரலாம். மிதிக்கும்போது அணைந்து, விடும்போது இயங்கினால் துருவம் மாறியிருக்கிறது என்று பொருள். எஃப்எஸ்-5யூவின் பக்கவாட்டில் அதை மாற்றச் சிறு சுவிட்ச் இருக்கிறது. இரண்டு சுவிட்சுகளை ஒரே துளையில் இணைக்க ஸ்டீரியோ கேபிள் வேண்டும். சாதாரண கிட்டார் கேபிளைச் செருகினால் ஒன்றுதான் வேலை செய்யும். கீபோர்டுக்கு வைத்திருக்கும் சஸ்டெயின் பெடலும் அடிப்படையில் வாசல் மணி வகைதான். காசு செலவழிக்கும் முன் அதைச் செருகிப் பாருங்கள்.

அந்தக் கூடுதல் சுவிட்சுக்கு நல்ல வேலை 'டேப் டெம்போ'. தபேலாவும் டோலக்கும் உயிரோடு வாசிக்கும் மேடையில் வேகம் ஏறி இறங்கும். காலால் தாளம் தட்டினால் டிலே அந்த வேகத்துக்கு வந்துவிடும். பதிவுசெய்த பின்னணி இசைக்கு வாசிக்கிறீர்கள் என்றால் தட்டவே வேண்டாம், கணக்குப் போட்டுவிடலாம். 60,000ஐ நிமிடத்துக்கான தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லிவிநாடியில் கிடைக்கும். 120 தட்டுக்கு 500. அதில் முக்கால் பங்கான 375ஐ வைத்தால் குதித்தோடும் எதிரொலி கிடைக்கும்.

நம் மேடைகளுக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. கோயில் நிகழ்ச்சியில் வெறுங்கால், விருந்தில் அகன்ற தோல் காலணி. பல கருவிகளில் அருகருகே உள்ள இரண்டு சுவிட்சுகளைச் சேர்த்து மிதித்தால் சுருதி பார்க்கும் டியூனர் திறந்து, ஒலி அடங்கிவிடும். அகன்ற காலணிக்கு இது மிக எளிதாக நேரும். சோலோவுக்கான மிதியை முடிந்தால் ஓரத்தில் வையுங்கள். வேட்டியோ நீண்ட ஜிப்பாவோ அணிவதாக இருந்தால் அதே உடையில், நின்றபடி ஒருமுறை ஒத்திகை பாருங்கள். ஒரு காலைத் தூக்கும்போது உடல் எடை முழுவதும் மறுகாலுக்குப் போகும். நாற்காலியில் அமர்ந்து பழகியவர்களுக்குத் தாளம் சறுக்கும் இடமே அதுதான்.

மாற்றியதை 'ரைட்' செய்யாமல் அடுத்த பேட்ச்சுக்குப் போனால் எல்லாம் அழிந்துவிடும். யூஎஸ்பி கேபிள் வழியாகக் கணினியிலும் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். பின்னர், கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு, பாடல்களை வரிசையாக ஒலிக்கவிட்டுக் கால் மாற்றங்களை மட்டும் செய்து பாருங்கள். இருட்டு மேடையாக இருந்தால் சோலோ மிதியின்மேல் துண்டு வெள்ளை டேப் ஒட்டிக்கொள்ளலாம்.